பதினாறு சிவப்புக் கோடுகள்

தாமரைச்செல்வியின் காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நகப்பூச்சுப் புட்டி இருக்கும். நல்ல ரத்தச் சிவப்பு. மகள் நிலா ஒரு கல்யாணத்துக்காக வாங்கி, நிறம் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவைத்தது. தாமரையின் விரல்களைப் பார்த்தவர்கள் அந்தப் புட்டி இவளுக்கு எதற்கு என்று குழம்பிப்போவார்கள். அந்த நகங்களில் கிரீஸைத் தவிர வேறு எந்தப் பூச்சும் ஏறியதே இல்லை.

பூச்சு அவளுக்கில்லை, வண்டிகளுக்கு. பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸை இரும்புக் குழாயில் மாட்டியதும், அது கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கிளாம்ப் போட்டு முடுக்குவார்கள். தாமரை முடுக்கி முடித்ததும் புட்டியைத் திறந்து, திருகின் தலையிலிருந்து கிளாம்ப் வழியாக ரப்பர்வரைக்கும் ஒரே இழுப்பில் சின்னதாக ஒரு கோடு போடுவாள். திருகு பிறகு கொஞ்சம் அசைந்தாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பட்டறை முதலாளி தங்கப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னம்மா தாமரை, வண்டிக்கு மருதாணியா?"

"ஆமாண்ணே. நாளைக்கு எவனாவது வந்து நீ முடுக்குனது லூசுன்னு சொன்னா, நான் வாயத் தொறக்க வேணாம். இதுவே பேசும்."

அப்படிப் பதில் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. குரும்பகரத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற வீட்டில் பிறந்தவள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பில் இருபத்து மூன்று பையன்களுக்கு நடுவே ஒரே பெண். படித்து முடித்து, காரைக்காலில் ஒரு பெரிய கார் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவள் கையில் ஸ்பானரைக் கொடுக்காமல் டோக்கன் கட்டைக் கொடுத்தார்கள். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் வேலை. நான்கு வருஷம் சிரித்துப் பார்த்தாள். கன்னம் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் டோக்கன் கட்டை மேசையில் வைத்துவிட்டுக் கோவில்பத்தின் ஓரத்திலிருந்த தங்கப்பன் பட்டறைக்கு வந்து வேலை கேட்டாள். அவர் பிரித்துப் போட்டிருந்த ஒரு கார்புரேட்டரை அவள் முன்னால் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வரும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் ஆயிற்று. பத்து வயசுக்கு மேலான எந்த வண்டி வந்தாலும் இப்போது தாமரையிடம்தான் போகும்.

பழைய வண்டி என்றால் அவள் கை தனியாக வேலை செய்யும். பெட்ரோல் வழியாமல் இருக்க எல்லாரும் ஹோஸைக் குறடால் கவ்வி நெரித்துவிட்டுத்தான் கழற்றுவார்கள். அவள் கண் முன்னால் யாராவது அப்படிச் செய்தால் பேச்சு வாங்காமல் தப்பமுடியாது. "தூக்கிப்போடப் போற ஹோஸை எப்படி வேணா நெரிங்க. வண்டியிலயே இருக்கப் போறத நெரிச்சா உள்ளாற வெடிச்சுக்கும், வெளியில தெரியாது" என்பாள். பிடிவாதமாக ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுக்க மாட்டாள். பிளேடால் நெடுக்கக் கீறி, வாழைப்பழத் தோலைப் போல உரித்து எடுப்பாள். புதியதை மாட்டும்போது குழாய் நுனியில் இருக்கும் மேட்டைத் தாண்டித்தான் கிளாம்ப் உட்கார வேண்டும். அளவுக்கு மேல் முடுக்கினால் ரப்பர் அறுந்துவிடும், குறைந்தால் கசியும். அந்த நடு அளவு அவள் மணிக்கட்டில் இருந்தது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் சுப்பையனின் வேன் தண்ணி காட்டியது.

சுப்பையன் குரும்பகரத்து விவசாயி. தாமரைக்குச் சித்தப்பா முறை. தொண்ணூற்றேழில் மகள் முத்தமிழ் பிறந்த வருஷம் வாங்கிய வேன் அது. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கும் ரகம். பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கதையைக் கேட்காதவர் குரும்பகரத்தில் யாரும் கிடையாது. இப்போது முத்தமிழுக்கே குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாகப்பட்டினத்தில் புகுந்த வீட்டிலேயே எட்டாம் மாதத்தில் வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை. இருபத்தேழு நாளாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. சுப்பையனும் மனைவி ராஜமும் ஒருநாள் விட்டு ஒருநாள் வேனில் போய்ப் பார்த்துவந்தார்கள்.

அந்தப் போக்குவரத்தில்தான் வண்டிக்குள் பெட்ரோல் வாசம் வர ஆரம்பித்தது. தாமரை வேனைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். அடியில் இருந்த ஹோஸ்கள் எல்லாம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஆகியிருந்தன. டாங்கைக் காலி செய்து, அங்கிருந்து கார்புரேட்டர்வரைக்கும் ஒன்று விடாமல் மாற்றினாள். பன்னிரண்டு கிளாம்ப், பன்னிரண்டு சிவப்புக் கோடு. ஐந்து லிட்டர் ஊற்றி ஓட்டிப் பார்த்தாள், ஒரு பொட்டு வாசம் இல்லை. வண்டியைக் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் நாள் சுப்பையன் திரும்பி வந்தார். "வாசம் அப்படியேதான் இருக்கும்மா." பார்த்தாள், ஒன்றுமில்லை. போனார். மறுபடி வந்தார். மறுபடியும் ஒன்றுமில்லை. அதற்குள் டீக்கடையில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பொம்பளை கை வைத்த வண்டி பிறகு எப்படி இருக்கும் என்று ஒருவர் சொல்ல, நான்கு பேர் தலையாட்டினார்களாம். தங்கப்பன் அதைக் கேட்டுவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். தாமரையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் எதையாவது சொல்லாமல் விட்டால் முகமே சொல்லிவிடும்.

வியாழக்கிழமை காலையில் வேன் நான்காம் தடவையாக வந்து நின்றது. இந்தத் தடவை ராஜமும் இறங்கினாள்.

"நாளைக்கு மூணு மணிக்குப் புள்ளைய அனுப்புறாங்க தாமரை. டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. நுரையீரல் இன்னும் தேறலையாம். தூசி ஆகாது, பொகை ஆகாது, சாம்பிராணிகூடப் போடக் கூடாதாம். இந்த நாத்தத்துல எப்படிடி தூக்கிட்டு வரது? வாடகைக் கார் வச்சுக்கலாம்னு சொல்றேன், இந்த மனுசன் வாயே தொறக்க மாட்டேங்குறாரு."

சுப்பையன் நிஜமாகவே வாய் திறக்கவில்லை. வேனின் கதவுப் பிடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார். தாமரைக்கு டீக்கடைப் பேச்சுகூட அவ்வளவு உறைக்கவில்லை, அந்த மௌனம் சுருக்கென்று தைத்தது. வாடகைக் கார் வைத்துக்கொள்ளச் சொல்வது புத்திசாலித்தனம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் தன் வேலையைத் தானே நம்பவில்லை என்று ஆகும். நம்பாத வேலைக்குக் கோடு எதற்கு?

டார்ச்சை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்தாள். பன்னிரண்டு கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றுகூட விலகவில்லை. எல்லாம் உலர்ந்து கிடந்தன. தான் முடுக்கியது சரி என்பது உறுதியாயிற்று, அதனால் யாருக்கும் ஒரு காசு பிரயோசனம் இல்லை. வெளியே வந்து உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் கேள்வியெல்லாம் ஓட்டுகிறவரைத்தான் கேட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து போகிறவளை ஒன்றுமே கேட்கவில்லை.

"சித்தி, வாசம் எங்க ஆரம்பிக்குது?"

"வாஞ்சூர் தாண்டுறப்ப ஆரம்பிக்கும். நாகூர் வரைக்கும் கொடலப் புடுங்கும். அப்புறம் கொறஞ்சிரும்."

"திரும்பி வரப்ப?"

"வரப்ப ஒண்ணுமே இருக்காதேடி. போறப்ப மட்டுந்தான்."

தாமரை எழுந்து நின்றாள். ஓட்டை ஹோஸுக்குப் போவதும் வருவதும் தெரியாது. தெரிந்திருக்கிறது என்றால் வழியில் ஏதோ நடக்கிறது.

"சித்தப்பா, நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கே கெளம்புங்க. நானும் வரேன். வழியில வாசம் வந்து, என்னால கண்டுபுடிக்க முடியலன்னா, நானே வேற கார் புடிச்சு உங்களை ஏத்தி விடுறேன். அப்புறம் இந்தப் பட்டறையில நான் ஹோஸ் மாத்துறதில்ல."

"ஏம்மா அவ்ளோ பெரிய பேச்சு?" என்றார் தங்கப்பன் உள்ளே இருந்து.

"பெரிய வேலைண்ணே" என்றாள்.

மறுநாள் வேனின் பின்சீட்டில் கருவிப் பையோடு உட்கார்ந்துகொண்டாள். காரைக்கால் தாண்டியது, திருமலைராயன்பட்டினம் தாண்டியது, வாசம் இல்லை. வாஞ்சூரில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால், சுப்பையன் இயல்பாகப் பெட்ரோல் பங்குக்குள் வண்டியைத் திருப்பினார். காரைக்கால் பகுதியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. அதனால் எல்லையைத் தாண்டுகிற எந்தக் காரைக்கால்காரரும் டாங்கை நிரப்பாமல் தாண்ட மாட்டார். டாங்கில் முக்கால்வாசி இருந்தாலும் சரி, நிரப்பாமல் போனால் எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

பைப் 'டக்' என்று தானாக நின்றது. நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சுப்பையனுக்கு அது அர்த்தமில்லை.

"இன்னும் ஊத்துங்க, இது போவும்" என்றபடி அவர் வேனின் ஒரு பக்கம் தோளைக் கொடுத்தார். மறுபக்கம் ராஜம் யாரும் சொல்லாமலே போய் நின்று கை வைத்தாள். இரண்டு பேரும் தொட்டில் ஆட்டுவது போல வேனை இப்படியும் அப்படியும் ஆட்டினார்கள். உள்ளே இருந்த காற்று 'குளுக் குளுக்' என்று வெளியேற, பெட்ரோல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஊற்று, மறுபடி ஆட்டு. கடைசியில் மூடியைத் திறந்தாலே பெட்ரோல் பளபளவென்று தெரிகிற மட்டத்துக்கு வந்ததும் சுப்பையன் திருப்தியாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தாமரை பின்கதவைத் திறந்து குதித்தாள். பின்சக்கரத்துக்கு உள்பக்கமாகக் கையை விட்டுப் பார்த்தாள். விரல் ஈரமாக வந்தது.

"சித்தப்பா, சாவியத் தொடாதீங்க!"

பங்கிலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. பங்குக்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, இன்ஜினைப் போடாமல் வேனைக் கையால் தள்ளிச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பூவரசு மரத்தடியில் நிறுத்தவைத்தாள். பாயை விரித்து உள்ளே நுழைந்தாள்.

பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டாங்குக்கு இறங்குகிறது ஒரு தடித்த ஹோஸ். அதன் பக்கத்தில் காற்றுப் போக ஒரு மெல்லிய ஹோஸ். இரண்டிலும் வருஷக்கணக்கான சேறு அப்பிக் காய்ந்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்தாள். கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ எந்தக் காலத்திலோ கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. ஹோஸின் மேல்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. டாங்க் பாதியிருந்தால் பெட்ரோல் அந்த உயரத்துக்கு வரவே வராது. கழுத்துவரைக்கும் ஊற்றி ஆட்டினால்தான் வரும். ஏழெட்டு கிலோமீட்டர் ஓடினால் மட்டம் இறங்கிவிடும். பட்டறையில் ஐந்து லிட்டர் ஊற்றிச் சோதித்தால் ஏழு ஜென்மத்துக்கும் தெரியாது.

தாமரை வெளியே வந்தாள். முகத்தில் சேறு. சந்தோஷப்பட வேண்டிய நேரம், ஆனால் அவளுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். அதை மறைக்கவும் இல்லை.

"தப்பு எம்மேலதான் சித்தப்பா. டாங்குலேர்ந்து பெட்ரோல் போற வழியெல்லாம் பாத்தேன். டாங்குக்கு வர வழியப் பாக்கல. சேறா இருக்கேன்னு தொடைக்காம விட்டுட்டேன்."

சுப்பையன் குனிந்து அடியில் பார்த்தார். பிறகு, "கம்பி சுத்துனது நாந்தாம்மா" என்றார். "வெள்ளம் வந்த வருசம். அவசரத்துக்குச் சுத்துனேன்."

"நல்லா சுத்துனீங்க போங்க" என்றாள் ராஜம்.

தாமரை பங்கிலிருந்து தள்ளிப்போய் நின்று தங்கப்பனுக்குப் போன் செய்தாள். அளவைச் சொன்னாள். "தண்ணி ஹோஸ் வேணாம்ணே. பெட்ரோலுக்குன்னு மேல அச்சடிச்சிருக்கும், அதான் வேணும். கிளாம்ப் நாலு, போல்ட் வச்சது. பல்லு வெட்டுனது வேணாம், ரப்பரக் கடிக்கும்." தங்கப்பன் ஆளை அனுப்பவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டுத் தானே பைக்கில் வந்தார். வந்தவர் கீழே குனிந்து பார்க்கவும் இல்லை, யோசனை சொல்லவும் இல்லை. கூட்டம் கூடி நின்ற இடத்தில் பீடியைப் பற்றவைக்கப் போன ஒருவரைக் காது கூசுகிற மாதிரித் திட்டித் துரத்தினார். அன்று அவர் செய்த வேலை அது ஒன்றுதான்.

அதற்குள் தாமரை கைப்பம்பால் பெட்ரோலைக் கேனில் இறக்கியிருந்தாள். கம்பியை வெட்டினாள், பழைய ஹோஸ்களைக் கீறி உரித்தாள், குழாய் நுனிகளிலிருந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். இரண்டு புது ஹோஸையும் அளந்து வெட்டி, மேட்டைத் தாண்டி ஏற்றி, நான்கு கிளாம்பையும் முடுக்கினாள். புட்டியைத் திறந்தாள். நான்கு கோடு. முன்பு போட்டதோடு சேர்த்துப் பதினாறு.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கேனிலிருந்த பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, வேனை மறுபடி பங்குக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். பைப் 'டக்' என்று நின்றது.

"போதும்மா" என்றார் சுப்பையன் பயந்துபோய்.

"எப்படிச் சித்தப்பா போதும்? எப்பவும் போல ஆட்டுங்க." அவளும் ஒரு பக்கம் தோளைக் கொடுத்தாள். மூன்று பேருமாக ஆட்டிய ஆட்டத்தில் வேனின் ஜன்னல்கள் கடகடத்தன. மூடியின் விளிம்பில் பெட்ரோல் தளும்பி நிற்கும்வரைக்கும் விடவில்லை. மறுபடி மரத்தடிக்குத் தள்ளி, அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டு, எல்லாரும் அரைமணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. தாமரை அதை எடுத்து மடித்துத் தங்கப்பன் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். எதற்கு எடுத்துப்போனார் என்று பிறகுதான் தெரிந்தது. டீக்கடையில் அந்தத் தலையாட்டிகள் முன்னால் விரித்துப் போட்டாராம்.

நாகப்பட்டினம் போய்ச் சேரும்வரை முன்சீட்டில் ராஜம் நாய் மோப்பம் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக் குழாயடியில் தாமரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மூன்று மணிக்குச் சொன்னதை நான்கு மணிக்குச் செய்தார்கள். ஒரு முழம்கூட இல்லாத குழந்தையைத் துணிப் பொதியாகச் சுற்றி முத்தமிழின் கையில் கொடுத்தார்கள். முத்தமிழ் நடுச் சீட்டில் ஏறிக்கொண்டாள், தாமரை அவளுக்குப் பின்னால். குழந்தைக்குத் தூசி படாமல் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டு, சுப்பையன் மாட்டுவண்டி ஓட்டுகிற வேகத்தில் கிளம்பினார்.

நாகூர் வருவதற்குள் முத்தமிழ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, பெட்ரோல் வாசம் வருது."

சுப்பையன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். ராஜம் குழந்தையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.  தாமரை பாய்கூட விரிக்காமல் அப்படியே ரோட்டோரத்தில் படுத்து அடியில் பார்த்தாள். பதினாறு கோடும் போட்டது போட்டபடி இருந்தன. எல்லாம் உலர்ந்திருந்தன. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எழுந்து வந்து முத்தமிழின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு, "எங்கேர்ந்தும்மா வருது?" என்றாள்.

"இப்பவும் வருதுக்கா. இங்கதான்."

ராஜம் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, சீட்டின் மேலிருந்த தாமரையின் கையைப் பிடித்துத் தன் மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"வண்டியில இல்லடி, இவ கையில இருக்கு" என்றாள்.

சுப்பையன் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போன சைக்கிள்காரர் நின்றுவிட்டார். தாமரைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெருமையாக இருந்தது. அப்படி ஒரு பெருமை அவளுக்குச் சான்றிதழ் வாங்கிய அன்றுகூட வந்ததில்லை. கடைசிச் சீட்டில் போய் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து, இரண்டு கையையும் முழங்கைவரைக்கும் வெளியே நீட்டிக்கொண்டாள். குழந்தைக்கு வாசம் ஆகாதே.

அப்படியே வாஞ்சூர் தாண்டினார்கள், காரைக்கால் கடைத்தெருவைத் தாண்டினார்கள். எதிரே வந்தவர்கள் யாரோ டாட்டா காட்டுகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்கள். கோவில்பத்தில் பட்டறை வாசலில் நின்றிருந்த தங்கப்பனும் வேனைப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த அந்த இரண்டு கரிய கைகளையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஸ்பானரோடு கையைத் தூக்கினார்.